சத்தமில்லாத இறக்கம்

கருப்பம்மா தேயிலைக்குள் விழுந்தது ஒரு வியாழக்கிழமைக் காலை. விழுந்தாள் என்று சொல்வதும் சரியில்லை. நான்தான் போட்டேன். மூன்றாம் வளைவில் என் வலது தோளில் கத்தியை இறக்கினாற்போல ஒரு வலி வந்தது. கை பிரேக்கை விட்டுவிட்டது. பைக் எந்த அவசரமும் இல்லாமல் பாதையோரத்துக்குப் போய், மாடு படுப்பதுபோலச் சாய்ந்து படுத்துக்கொண்டது. பின்னால் இருந்தவள் தேயிலைக்கு மேல் போய்ச் சேர்ந்தாள். நல்ல வேளை, அது கவாத்து வெட்டாத மலை. வெட்டியிருந்தால் குச்சியெல்லாம் குத்தியிருக்கும். இலைமேல் காயப்போட்ட சேலைபோலக் கிடந்து அவள் மேலே பார்த்தாள். பனி மெதுவாக அவள்மேல் இறங்கியது.

"செத்துட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல. சோத்து டப்பா எங்க போச்சுன்னு பாருங்க," என்றாள்.

கருப்பம்மா என் மனைவி. கீழ் டிவிசனில் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை அங்கே பார்த்துக்கொள்கிறாள். எங்கள் லயம், தோட்டத்து வரிசை வீடுகள், அப்புத்தளைக்குப் பக்கத்தில், மலையின் உச்சியில். மடுவம் ஹல்துமுல்லைப் பக்கம், ஐந்து கிலோமீட்டர் இறக்கத்தில். மண் சரிந்ததிலிருந்து அந்தப் பாதையில் பஸ் இல்லை. பாதையைச் சரி செய்வோம் என்றார்கள். நான் அன்றைக்கே நம்பவில்லை. ஆகவே காலையில் நான் கொண்டுபோய் விடுவேன், மாலையில் போய்க் கூட்டி வருவேன்.

இறங்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுவேன். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பழகியது. பெட்ரோல் கிடைத்த பிறகும் விடவில்லை. காரணம் பெட்ரோல் இல்லை. எஞ்சின் நின்றால் அந்த இறக்கத்தில் ஒரு சத்தமும் இருக்காது. டயர் ஈரத்தில் உருள்கிற மெல்லிய ஓசை மட்டும். முன்னால் பனி, பின்னாலும் பனி. பாதை நம்மைக் கொண்டுபோகிறதா, நாம் நின்றுகொண்டிருக்க மலைதான் மேலே ஏறுகிறதா என்று தெரியாது. அப்போதுதான் கருப்பம்மா பேசுவாள். முந்தின இரவு கண்ட கனவைச் சொல்வாள்.

ஒரு நாள் தேயிலைச் செடிகளெல்லாம் வேரைக் கையில் தூக்கிக்கொண்டு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்து வரிசையில் நின்றனவாம். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட, ஒவ்வொரு செடியும் இருமிக் காட்டியதாம். இன்னொரு நாள் மடுவத்துத் தொட்டில்களெல்லாம் கயிறு அறுந்தும் விழாமல் அப்படியே மிதந்தனவாம். இவள் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அவற்றைக் கூரைக்குள்ளேயே மடக்கிக்கொண்டிருந்தாளாம்.

எனக்குக் கனவு வருவதில்லை. கனவை நம்புவதும் இல்லை. ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. ஆனால் பிரேக்கை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பேன், கதை முடிவதற்குள் மடுவம் வந்துவிடக் கூடாது என்று. வீட்டில் அவள் கனவு சொல்லமாட்டாள். ஏறும்போது எஞ்சின் கத்தும், ஒன்றும் கேட்காது. அந்த இறக்கத்தில் மட்டும்தான்.

விழுந்த அன்றைக்கு மடுவத்து வாசலில் இறங்கி, தலையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "திங்கக்கெழமையிலருந்து நான் தங்கச்சி வீட்டுல தங்கிக்கிறேன். அது இங்கதான இருக்கு. சனிக்கெழம அந்திக்கு வாரேன்."

"எதுக்கு?"

"ஒங்க தோளு போச்சுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து போயிருவோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டியாவது இருப்பேன். வீட்டில் உப்பு இல்லை என்று சொல்கிறமாதிரி சொன்னாள். அவள் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். தோள் வலிக்கு முன்பே டாக்டரிடம் போயிருந்தேன்; வயசு என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அப்புத்தளை ஸ்டேசனுக்குப் பின்னால் இருக்கிற நிஸாமின் கராஜுக்குப் போனேன். போவதற்கு முன் கார்புரேட்டரிலும் செயினிலும் முன் சக்கரச் சில்லிலும் ஆணியால் சின்னச் சின்னக் கீறல் போட்டு வைத்தேன், சாமானை மாற்றினால் தெரிய வேண்டுமே. கராஜ்காரனிடம் பைக்கை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறவன் வேறு பைக்கோடுதான் திரும்புவான். நான் போகவில்லை. பக்கத்திலேயே குந்தினேன்.

நிஸாம் பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி என்னை ஏறி உட்காரச் சொன்னான். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். இருக்கு என்பதற்கு அவர்கள் பேச்சில் ஈக்கி.

"எங்க ஈக்கி நோவு, ஐயா?"

"தோளுல."

"கைய விறைப்பா நீட்டிப் புடிச்சீக்கிறீங்க. ஹெண்டல் தூரத்துல, பதிஞ்சும் ஈக்கி. ரோட்டுக் குலுக்கல் எல்லாம் நேரா தோளுக்குத்தான் போகும். முழங்கை கொஞ்சம் மடங்கணும்."

"மடக்குறதுக்கு என்னத்தக் கழட்டுவே?"

"ஒங்கட தலையக் கழட்ட மாட்டன். பயப்படாதீங்க."

ஹெண்டலைப் பிடித்திருந்த நாலு திருகாணியைத் தளர்த்தினான். அதற்கு அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு அலுமினியத் துண்டு வைத்து உயர்த்தி, ஹெண்டலை என் பக்கமாகச் சாய்த்தான். பிரேக் பிடியைக் கீழே திருப்பி, என் மணிக்கட்டு மடங்காமல் கையோடு நேராக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. கீறல்களைப் பார்த்தேன்; எல்லாம் இருந்தன.

தனியாக வளைவெல்லாம் இறங்கி ஏறிப் பார்த்தேன். வலி இல்லை. தோள் புதிதாக வாங்கினமாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய், "சரியாப் போச்சு. தங்கச்சி வீடெல்லாம் ஒன்னும் வேணாம்," என்றேன். கருப்பம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நாளைக்குப் பாப்போம்," என்றாள்.

சனிக்கிழமை இரண்டாம் வளைவிலேயே வலி வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் அப்போது ஒரு கனவின் நடுவில் இருந்தாள். ஆற்றில் பாலை ஊற்றிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற கதை. என் முதுகு எதையோ சொல்லியிருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு மடுவம் வரைக்கும் அந்தச் சத்தமில்லாத இறக்கம் முதல் தடவையாக எனக்கு வெறும் பாதையாக இருந்தது.

அன்றைக்கு அரை நாள் வேலை. பன்னிரண்டு மணிக்கு அவளையும் ஏற்றிக்கொண்டு நேரே கராஜுக்குப் போனேன்.

"என்னத்தடா மாத்துன?" என்றேன் நிஸாமிடம். "நேத்து நல்லா இருந்துச்சு. இன்னைக்கு வலிக்குது."

"ஐயா, நேத்து முழுக்க என்ட கையவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் என்ன, ஒங்கட தோளக் கழட்டி வித்துட்டனா?"

கராஜின் மறு பாதியில் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு அம்மாள் இருந்தார். நிஸாமின் அக்கா றுஸைனா. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் சீட் தைக்கிறவர். வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார்:

"தனியப் போறப்ப நோகுதா?"

"இல்ல."

"அப்ப நோவு ஹெண்டல்ல இல்ல. பின்னால ஈக்கி."

"நான் என்னா செஞ்சேன்?" என்றாள் கருப்பம்மா.

"அதத்தான் பாக்கணும், அக்கா. ஏறுங்க. கராஜுக்குள்ள வேணாம். ரோட்டுல, எறக்கத்துல."

ஸ்டேசன் பாதைச் சரிவில் பைக்கை நிறுத்தி, நிஸாம் முன் சில்லை இரண்டு காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டான். நான் ஏறினேன். கருப்பம்மா எப்போதும்போல இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்கார்ந்து, வலது கையை என் வலது தோளில் வைத்தாள். றுஸைனா அந்தக் கைக்கும் என் தோளுக்கும் நடுவில் தன் விரலைச் செருகப் பார்த்தார். போகவில்லை.

"அல்லாவே! அக்கா, நீங்க இவரோட போறீங்களா, இல்லாட்டி இவரத் தள்ளிக்கிட்டுப் போறீங்களா?"

பிறகு கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தார். "ஒம்பது அங்குலம். இந்த எடம் யாருக்கு? மாமியாருக்கா?"

நிஸாம் சிரித்தான். பாதையில் போனவர்களும் நின்று பார்த்தார்கள். கருப்பம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்கு நான்தான் பதில் சொன்னேன். எங்கள் லயத்தில் பெண்சாதி புருசனை ஒட்டிக்கொண்டு போகமாட்டாள். இலை நிறுக்கிற கொழுந்து மடுவத்துக்கு முன்னால் அப்படிப் போனால் பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் இதென்ன என்று பேச்சு வரும். அதனால் நடுவில் இடம் விடுவது வழக்கம். ஆனால் சீட் முன்பக்கமாகச் சரிவு, பாதையும் சரிவு. இடம் விட்டு உட்கார்ந்தவள் வழுக்கி என்மேல் வராமல் இருக்க எதையாவது ஊன்ற வேண்டும். ஊன்றியது என் தோளை. ஐந்து கிலோமீட்டர், தினமும், பன்னிரண்டு வருசம்.

கருப்பம்மா கையை எடுத்து, திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருசமா நானா?" என்றாள். "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமுல்ல."

"எனக்கு எப்புடித் தெரியும்? டாக்டரு வயசுன்னாரு."

"அப்ப நான் கீழ இருக்கிறதுதான் சரி."

இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன்.

"தங்கச்சி," என்றேன் றுஸைனாவிடம். "இதுக்கு வழி இருக்கா, இல்லையா? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க."

"ரெண்டு வழி ஈக்கி. ஒன்னு, அந்த ஒம்பது அங்குலத்த மூடுறது. அதுக்கு நான் தேவையில்ல. மத்தது, சீட்ட வெட்டுறது."

"வெட்டுங்க," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே இருந்தேன். றுஸைனா உறையை உரித்து, முன்பக்க ஸ்பொஞ்சைக் கத்தியால் சீவி, என் இடுப்பு முன்னால் சரியாமல் பதிந்து உட்காரப் பள்ளம் எடுத்தார். பின்பக்கத்துக்கு இன்னொரு ஸ்பொஞ்சை ஒட்டி, இறக்கத்திலும் மட்டமாக இருக்கும்படி முன் விளிம்பைத் தூக்கி, படிபோலச் செய்தார். நான் ஸ்பொஞ்சை மோந்து பார்த்தேன். "புதுசுதான், ஐயா. வேணுண்டாக் கடிச்சும் பாருங்க," என்றார். நிஸாம் பின்னால் ஒரு இரும்புப் பிடியும், இடது பக்கம் இரண்டு காலையும் வைக்க ஒரு பலகையும் போட்டான்.

திங்கட்கிழமை விடியக்காலை கருப்பம்மா உடுப்புப் பையோடு வந்து நின்றாள். நான் அந்தப் பையைப் பார்க்காமலே வாங்கி ஹெண்டலில் கொழுவிக்கொண்டேன். அவள் புதுச் சீட்டில் ஏறி, பலகையில் காலை வைத்து, இரும்புப் பிடியைப் பிடித்தாள். உச்சியில் எஞ்சினை நிறுத்தினேன்.

அன்றைக்கு இருந்த பனியைப்போல நான் கண்டதில்லை. முன் சில்லுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் வளைவை வாசனையை வைத்துத்தான் திரும்பினேன். அங்கே ஒரு யூக்கலிப்டஸ் நிற்கிறது. தோளில் ஒன்றும் இல்லை. வலியும் இல்லை, கையும் இல்லை. பன்னிரண்டு வருசம் இருந்த பாரம் போனதும் தோள் கழன்று எங்கேயோ மேலே போய்விட்டமாதிரி இருந்தது. பின்னால் ஆள் இருக்கிறாளா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"இருக்கியா?"

"இருக்கேன்."

இரண்டாம் வளைவு போயிற்று. மூன்றாம் வளைவும் போயிற்று. தோள் சும்மா இருந்தது. கொழுந்து மடுவம் எங்கேயோ இடது பக்கம் இருக்க வேண்டும். அதுவும் இல்லை, அதன் முன்னால் நிற்கிற ஆட்களும் இல்லை. வெள்ளை மட்டும். அப்போது ஒரு கை என் இடுப்பைச் சுற்றி வந்தது. தள்ளவில்லை. சும்மா வந்து இருந்தது.

"சீட்டு சரியில்லையா?" என்றேன்.

"சரியாத்தான் இருக்கு."

கொஞ்ச தூரம் உருண்டோம். பிறகு முதுகுக்குப் பக்கத்திலேயே அவள் குரல் கேட்டது.

"ராத்திரி யாரோ கதவத் தட்டுனாங்க. போய்த் தொறந்தா கடலுங்க. அந்தா தெற்குப் பக்கம் வெயில் நாளையில கோடு மாதிரி தெரியுமே, அதே கடலு. மலையேறி வந்திருக்கு. வாசல்ல நிக்கிது. உள்ள வரல. பாவம், அதுக்கு மூச்சு வாங்குது. தண்ணி குடிக்கிறியான்னு கேட்டேன். வேணாமுன்னுச்சு. ஒங்களப் பாத்து ஒன்னு கேட்டுச்சு."

பிரேக்கை அழுத்தினேன். எவ்வளவு அழுத்தினாலும் மடுவத்துக் கூரை பனிக்குள்ளிருந்து வந்துவிட்டது. அவள் இறங்கினாள்.

"என்னா கேட்டுச்சு?" என்றேன். இத்தனை வருசத்தில் அவள் கனவைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி.

உடுப்புப் பையை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. உள்ளே ஒரு பிள்ளை அழ ஆரம்பித்திருந்தது.

"அத வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடியில போடுங்க," என்று சொல்லிக்கொண்டே வாசல்படி ஏறினாள். "மிச்சத்த நாளைக்கு எறங்கறப்ப சொல்றேன்."

எஞ்சினை உதைத்துக் கிளப்பி மேலே ஏறினேன். கடலுக்கு என்னிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்தேன்.