கையோடு வந்த துப்பாக்கி

காதல் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அந்த நீலத் துப்பாக்கியைப் பார்த்த நிமிடமே நான் காலி.

மயில் கழுத்து நிறம். குழல் முழுக்க அந்த நீலம், விசைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வெள்ளிக் கோடு. கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் "ஐயோ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கடைக்காரருக்கு ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் நிற்க வராது, அதனால் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் எல்லாரும் அவரை ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடுவோம். என்னை உடன்பிறந்த தங்கச்சியாகவே பாவித்து, என் வீட்டுக்காரரை மாப்ளே என்று அழைக்கிற உரிமையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

"எடுத்துப் பாரும்மா. பார்க்கறதுக்குக் காசு இல்ல" என்றார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்து, முகமே தெரியாதவர்களின் வாய்க்கு அளவாகப் பல் வார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. சனி, ஞாயிறில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி சுடுகிறேன், ஒற்றைக் கையை நீட்டிச் சுடுகிற சின்னத் துப்பாக்கி. நான்கு வருடமாகக் கிளப்பின் பொதுத் துப்பாக்கியில்தான் சுட்டேன். அதன் மரப்பிடியை ஏதோ ஒரு ராட்சசன் கைக்குச் செதுக்கியிருக்கிறார்கள். என் கையோ பத்து வயதுப் பிள்ளையின் கை. துணியைச் சுற்றி, டேப்பை ஒட்டி, எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தேன். பத்துக் குண்டுக்கு நூறு மதிப்பெண் என்றால், என் வாழ்நாள் சாதனை தொண்ணூற்றிரண்டு. அதுவும் ஒரே ஒரு தடவை, அன்றைக்குப் பார்க்கவும் யாருமில்லை.

இப்போது கிளப் அணியில் ஒரு இடம் காலி. சொந்தத் துப்பாக்கியோடு வந்தால் அந்த இடம் எனக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வாங்குவதற்கான அனுமதிச் சீட்டு என்னிடம் இருந்தது. அது இன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது. முடிந்தால் மறுபடி ஒரு வருடம் அலைய வேண்டும். கடைசி நாள் வரைக்கும் என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். பதினோரு மாதம் படம் பார்த்தே கழித்துவிட்டேன். எனக்குத் தேர்ந்தெடுக்க வராது. தேர்ந்தெடுக்க வராதவளிடம் யாராவது அதைச் சொன்னால் கோபம் மட்டும் பொத்துக்கொண்டு வரும்.

மணி நாலரை. கடைக்குப் பின்னால், சுட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு நீள அறை. ஒரு முனையில் மேசை, பத்து மீட்டர் தள்ளி விளக்கு வெளிச்சத்தில் இலக்கு அட்டை. துப்பாக்கியின் வாய் எப்போதும் அட்டையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். குண்டு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அந்த அறையில் அதுதான் சட்டம்.

துப்பாக்கி கைக்குச் சேருமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்தால், குழல் நுனியில் இருக்கிற முன் குறி, பின்பக்கம் இருக்கிற பின் குறியின் பள்ளத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். தூக்கினேன், திறந்தேன். முன் குறி இடது பக்கம் ஓடிப்போயிருந்தது. மணிக்கட்டை லேசாக ஒரு திருப்புத் திருப்பி நடுவில் கொண்டுவந்து வைத்தேன்.

"அச்சு அசலா என் கைக்கே செஞ்ச மாதிரி இருக்குண்ணே!" என்றேன்.

பின்னால் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் செருப்புக் கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர். இந்தச் செருமல் எனக்குப் பிடிக்காது.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. கடையில சில பேர் வருவாங்க. கலர் பிடிச்சுப்போயிடும், அளவு பத்தாது. நாலடி நடந்து காட்டிட்டு, 'கடிக்கவே இல்லங்க'ம்பாங்க. அப்போ அவங்க மூஞ்சி எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கு உன் மூஞ்சி."

"நீங்க என் முதுகைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"

"முதுகுலயே தெரியுது."

வீம்புக்குப் பத்துக் குண்டு சுட்டேன். எண்பத்தெட்டு. வெளிச்சம் சரியில்லை என்றேன். ஸ்பிரிங் விளக்கைத் திருப்பி வைத்தார். மறுபடி பத்து. எண்பத்தாறு. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று மூச்சு விடுவதுதான் காரணம் என்றேன். இவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். எண்பத்தைந்து. நீலத்துக்குச் சின்னப் பிடி இருக்கிறதா என்று கேட்டதற்கு, வர மூன்று மாதம் ஆகும் என்றார் ஸ்பிரிங். போட்டியோ மூன்று வாரத்தில்.

"வேற எதுவுமே இல்லையாண்ணே?" என் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

அவர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு இருக்கு. பழசு. காட்டவே கூச்சமா இருக்கு."

காட்டினார். கூச்சப்பட்டது நியாயம்தான். சாம்பல் நிறம், அங்கங்கே கீறல். முன்பு வைத்திருந்த ஆள் எதிலும் திருப்தியில்லாதவர் போலிருக்கிறது. மரப்பிடியை அரம் வைத்து ராவி ராவி, கடைசியில் எலும்பை மட்டும் மிச்சம் வைத்திருந்தார். பிடித்தால் துடைப்பக் கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. ஆனால் விசையை அழுத்தியதும் எனக்குச் சிலிர்த்தது. கண்ணாடிக் குச்சி ஒடிகிற மாதிரி, சத்தமே இல்லாமல், சரியான இடத்தில் விட்டது. நீலம் இப்படி விடவில்லை.

அப்போதுதான் என் கைப்பையில் இருந்த டப்பா ஞாபகம் வந்தது. பல் அச்சு எடுக்கிற பசை. இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்தால் நாலு நிமிடத்தில் ரப்பராக இறுகிவிடும். நான் பல் செய்கிற லேபுக்கு வாங்கியதை இன்னும் இறக்கி வைக்கவில்லை.

"அண்ணே, இந்தப் பிடி மேல பசை வச்சு என் கை அச்சை எடுத்துப் பார்க்கட்டுமா?"

"எதை வேணா பண்ணும்மா. அதைத் திரும்பிப் பார்க்கக்கூட ஆள் கிடையாது."

சந்தோஷத்தில் எனக்குக் கண்மண் தெரியாது. டப்பா முழுவதையும் பிசைந்துவிட்டேன். மேல் தாடை, கீழ்த் தாடை இரண்டுக்குமே போதும், அவ்வளவு. துடைப்பக் கட்டையில் அப்பினேன், அட்டையைப் பார்த்துக் கையை நீட்டி அழுத்திப் பிடித்தேன். விசை விரலைத் தவிர மற்றதெல்லாம் உள்ளே போயிற்று. பிதுங்கிய பசை புறங்கை மேல் ஏறியது. அங்கேதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. லேபில் ஓரம் பிசிறாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், இடது கட்டைவிரலால் அந்தப் பிசிறையெல்லாம் நீவி நீவி, அழகாக ஒன்றோடொன்று சேர்த்து மூடிவிட்டேன்.

நாலு நிமிடம் கழித்துக் கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

"என்னங்க..." என்றேன்.

"பொருந்துதா?"

"பொருந்துது. ஆனா விடமாட்டேங்குது."

இவர் வந்து பார்த்தார். ஸ்பிரிங்கும் வந்து பார்த்தார். என்னால் திரும்ப முடியாது, துப்பாக்கி அட்டையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது மட்டும் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் தொற்றிக்கொண்டது. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

"சரி, மாட்டினதுதான் மாட்டினோம்" என்று கண்ணை மூடிக் கையைத் தூக்கினேன். திறந்தேன்.

முன் குறி நடுவில் இருந்தது.

மறுபடி மூடினேன், தூக்கினேன், திறந்தேன். நடுவில். ஐந்தாவது தடவையும் நடுவில். மணிக்கட்டை நான் எதுவும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இடது கையால் குண்டு போட்டுச் சுட்டேன். பத்து. பத்து. ஒன்பது. பத்து. ஏழாவது குண்டுக்கு மேல் ஸ்பிரிங் குதிப்பதை நிறுத்திவிட்டார். அவர் அசையாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன், பார்த்தேன் என்றால் காதால். மொத்தம் தொண்ணூற்றேழு.

"இதுதான்! இதுதாண்ணே! எழுதுங்க!" என்று கத்தினேன்.

"ஐயய்யோ, மணி அஞ்சே முக்கால்!" ஸ்பிரிங் படிவத்தை எடுக்க ஓடினார். ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுமதி அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, "இங்க ஒரு கையெழுத்து" என்று நீட்டினார்.

மூன்று பேரும் என் வலது கையைப் பார்த்தோம்.

"கத்தி இருக்கு. ஒரே கிழி, கை வெளியே" என்றார் ஸ்பிரிங்.

"தொட்டீங்கன்னா நடக்கறதே வேற! கன்னாபின்னான்னு கிழிச்சா அச்சு போச்சு. பசையும் தீர்ந்துபோச்சு. இதை லேப் பிளேடால, கோடு போட்டு, நிதானமா வெட்டணும்."

"லேபுக்குப் போயிட்டு வர அரை மணி ஆகும்மா" என்றார் இவர். "கிழிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுடு. அச்சு அப்புறம் எடுத்துக்கலாம்."

"அப்புறம் எடுத்தா இதே பிடி வருமா? எத்தனை வாய்க்கு அச்சு எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? கடிச்ச மாதிரியே திரும்பக் கடிக்க யாராலயும் முடியாதுங்க."

கிழித்தால் இந்தத் தொண்ணூற்றேழு போய்விடும். கிழிக்காவிட்டால் துப்பாக்கியே போய்விடும், அணியில் இடமும் போய்விடும். மணி ஐந்து ஐம்பது. இடது கையால் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். கோழி கிண்டிய மாதிரி இருந்தது. அதற்கு நடுவிலும் சிரிப்பு வேறு வந்து தொலைத்தது.

என் வீட்டுக்காரர்தான் படிவத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். செருப்புப் பெட்டியில் பொடி எழுத்து படித்துப் பழகிய கண். "இரு, இரு. கீழ போட்டிருக்கான். கையொப்பம் அல்லது இடது பெருவிரல் ரேகை."

"கைநாட்டா?" என்றேன். "தொழில்ல பட்டயம் வாங்கினவ, கைநாட்டு வைக்கவா?"

"மணி அஞ்சு அம்பத்திநாலு" என்றார் இவர்.

"கொண்டாங்க மையை!"

மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. ஸ்பிரிங் அதில் துப்பாக்கி எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் தேய்த்தார். நான் அட்டையைப் பார்த்து நின்றபடி இடது கையைப் பின்னால் நீட்டினேன். இவர் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டி, படிவத்தில் வைத்து அழுத்தினார். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஸ்பிரிங் ஸ்கேன் செய்தார். ஐந்து ஐம்பத்தொன்பதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பதில் வந்தது. "வந்திருச்சு!" என்று அவர் போட்ட கத்தலில் நான் ஒரு துள்ளுத் துள்ளினேன், துப்பாக்கியும் சேர்ந்து துள்ளியது. நல்லவேளை, குண்டு இல்லை.

இவர் லேபுக்கு ஓடினார். அவர் வரும்வரை நான் மேசையில் முழங்கையை ஊன்றி, அட்டையைப் பார்த்து, எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு நின்றேன். கை அரித்தது. அது ஒரு பொருட்டாகவே இல்லை.

வந்து, நான் சொன்ன கோட்டிலேயே, மூச்சை அடக்கி வெட்டினார். புறங்கை மேல் மூடியிருந்ததை எடுத்தாகிவிட்டது. போட்டி விதிப்படியும் பிடி கையைச் சுற்றி மூடியிருக்கக் கூடாது. என் கை வெளுத்துச் சுருங்கி வெளியே வந்தது. உள்ளே என் ரேகை வரைக்கும் பதிந்திருந்தது. ஸ்பிரிங் ஆசையாகக் கையை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல்கூடப் போகவில்லை. இவர் முயன்றார், விரல் முட்டியோடு நின்றுவிட்டது.

செயலாளருக்குப் போன் செய்தேன்.

"துப்பாக்கி வாங்கிட்டேண்ணே. என் பேரை எழுதிடுங்க."

"எழுதிட்டேன், எழுதிட்டேன். நாளைக்கு எடுத்துட்டு வாம்மா, நானும் நாலு குண்டு போட்டுப் பார்க்கிறேன்."

"எடுத்துட்டு வர்றேன். ஆனா உங்களால சுட முடியாதுண்ணே. இது என் கைக்கு மட்டும்தான்."

ஊரில் உள்ள வாய்க்கெல்லாம் பதினெட்டு வருடமாக அளவு எடுத்துக் கொடுத்தவள் நான். எனக்கென்று அளவெடுத்து ஒன்றைச் செய்துகொண்டது இதுதான் முதல் தடவை.