பலகை வீட்டுத் தம்பதி

கரடியூருக்கு மேலே, காப்பித் தோட்டம் முடிகிற புல்வெளியில் புதிதாக ஒரு தெரு நின்றது. குதிரையும் துப்பாக்கியுமாக ஆட்கள் வருகிற ஏதோ வெப் சீரிஸுக்காகச் சென்னைக்காரர்கள் போட்ட செட். மதுக்கடை, வங்கி, சிறைச்சாலை, நாலைந்து வீடுகள். எல்லாவற்றுக்கும் முன்பக்கம் மட்டும்தான். பின்னால் போனால் பிளைவுட்டைத் தாங்கும் இரும்புக் குழாய்கள், மணல் மூட்டைகள், அப்பால் காப்பிச் செடிகள். தெருவோரம் தெர்மாகோல் கள்ளிச் செடிகள் பனியில் நனைந்து வெளுத்திருந்தன.

கண்ணாயியைக் கூட்டத்தோடு நிற்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிற வேலை இன்னும் தொடங்கவில்லை. வீட்டுக்காரர் சின்னனும் போய்வா என்றார். அங்கே அவளுக்குத் தரையைக் கூட்டுகிற நீளத்தில் ஒரு கவுனும் நாடா வைத்த தொப்பியும் கொடுத்தார்கள். உதவி இயக்குநர் சௌமியா அவளை ஒரு வீட்டுக் கதவருகே கூட்டிப்போனாள்.

"இதுதான் உங்க வீடுக்கா. நீங்களும் உங்க ஹஸ்பண்டும் கதவத் திறந்துட்டு வெளிய வரணும். அவர் கையப் பிடிச்சுக்கங்க. சிரிச்ச முகமா இருக்கணும், அவ்வளவுதான்."

புருஷனாக நிறுத்தப்பட்டவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தார். மாரமங்கலத்து அங்கப்பன்.

இருபது வருடங்களுக்கு முன்பு கண்ணாயிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை அவர். நிச்சயத்துக்கு நாள் பார்த்த பிறகு, ஒருநாள் அப்பா வந்து, "அவங்க வேண்டாங்கறாங்க" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த தையில் அவளைச் சின்னனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்புறம் சந்தையிலோ பஸ்ஸிலோ அங்கப்பனைப் பார்க்க நேர்ந்தால் கண்ணாயி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது திருப்ப இடமில்லை.

இருவரும் கதவுக்குப் பின்னால் போய் நின்றார்கள். கதவைச் சாத்தியதும் பனிமூட்டம் இறங்கித் தெருவை மூடிவிட்டது. "வெளிச்சம் வரட்டும், அங்கயே நில்லுங்க!" என்று சௌமியா கத்தினாள்.

"நல்லாருக்கீங்ளா?" என்றார் அங்கப்பன்.

"ம்."

"கொழந்தைங்க?"

"ஒரு பையன். சேலத்துல படிக்கறான். உங்களுக்குங்க?"

"ரெண்டும் பொண்ணுங்க."

செடிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் கண்ணாயி நினைத்திருந்தாள். வாய் கேட்டுவிட்டது.

"ஏனுங்க, அன்னைக்கு எதுக்கு என்னைய வேண்டாம்னீங்க?"

அங்கப்பன் அவளையே பார்த்தார். "நானா? நீங்கதான வேண்டாம்னு சொல்லிவுட்டீங்க. மாப்பிள்ளையப் புடிக்கலைன்னு பொண்ணு நொம்ப அழுவுதுன்னாங்க."

"நான் அழுவவே இல்லீங்களே."

"அப்பறம் யாரு அப்படிச் சொன்னது?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்க வேண்டாங்கறீங்கன்னுதான் எங்கப்பா சொன்னாரு."

"எங்க ஊட்ல யாரும் அப்படிச் சொல்லலீங்க," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சு சொல்லல," என்றார்.

வெளியே "ஆக்ஷன்!" என்று குரல் கேட்டது.

அங்கப்பன் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். கண்ணாயி சிரித்ததாகத்தான் நினைத்தாள். கேமராப் பக்கமிருந்து சௌமியா ஓடிவந்தாள்.

"அக்கா, புருஷன் பொண்டாட்டி மாதிரியே இல்லையே! யாரோ எவரோ மாதிரி வர்றீங்க. இன்னொரு தடவ."

திரும்பத் திரும்பக் கதவுக்குள் போனார்கள், வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னன், "என்ன வேஷம் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"ஊட்டுக்குள்ள இருந்து வெளிய வர்ற வேஷம்."

"அத இங்கயே பண்ணலாமே," என்று சிரித்தார். கூட நின்றது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள். மறைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் தானாகச் சொல்ல வரவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. சேலத்திலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"அதெதுக்கு இப்ப?" என்றார் அண்ணன். "அப்பாதான் வேண்டாம்னாரு. இல்ல, இரு... அவங்க ஊட்லதான் யாரோ. எனக்குச் செரியா ஞாபகமில்ல கண்ணு. நல்லாத்தான இருக்கற?"

"நல்லாத்தாண்ணா இருக்கேன்."

அது உண்மைதான். இத்தனை காலம் அங்கப்பன்மேல் வைத்திருந்த கோபத்தை இனி யார்மேல் வைப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் செட்டுக்குப் போனபோது சௌமியா எதிரே வந்தாள். "உங்க ஹஸ்பண்ட் எங்கக்கா?"

"மொளகுக் கொடிக்குத் தழை கழிக்கப் போயிட்டாருங்க."

"ஐயோ, இன்னைக்கு ஷாட் இருக்குன்னு தெரியாதா? எப்ப வருவாரு?"

"அவரு எதுக்குங்க இங்க..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். முகம் சூடாகிவிட்டது. "அவரா? அவரு வரலீங்களா?"

அங்கப்பன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லையாம். வேறு ஆளை நிறுத்தினால் நேற்று எடுத்ததோடு ஒட்டாது. இயக்குநர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தப் பெண் மட்டும் வாசலில் நின்று தெருவைப் பார்க்கட்டும் என்றார்.

"புருஷன் வர்றாரான்னு பாக்கறீங்க. சிரிக்கவெல்லாம் வேண்டாம்," என்றாள் சௌமியா.

கண்ணாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பலகை லேசாக ஆடியது. தெருக்கோடியில் குதிரைக்காரர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பால் மாரமங்கலத்துப் பாதையா, வெறும் மூட்டமா என்று தெரியவில்லை. ஒரே டேக்கில் இயக்குநர் ஓகே சொல்லிவிட்டார்.

"சூப்பர்க்கா! நேத்து ஏன் இப்படிப் பண்ணல?"

"நாளைக்கு அவரு வருவாருங்களா?" என்றாள் கண்ணாயி.

"யாரு?"

ஏன் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒண்ணுமில்லீங்க," என்று தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சேலை மாற்றிக்கொள்ளப் போனாள்.