மாடியில் இரண்டு கதவுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. எதிர்த்தெருப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை ஒருநாள் வீடு தேடி வந்தார்.

"பேரண்ட்ஸ் மீட்டிங்குன்னா பாதி நாற்காலி காலியாக் கெடக்கு சார். நீங்கதான் ரிட்டயர் ஆகி சும்மா இருக்கீங்களே, ஒரு பக்கத்துக்கு ஒரு கதை எழுதிக் குடுங்க. ஆண்டு விழாவுல மைக்ல வாசிக்கிறோம். பெத்தவங்க சிரிக்கணும். சிரிச்சுக்கிட்டே ஸ்கூல் பக்கம் வரணும்."

சும்மா இருக்கிறேனாம்! காலைக் காப்பிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு வண்டி பொய் சொல்லி இறக்குகிறேனே, அது வேலை இல்லையா? ஆனாலும் வாயெல்லாம் பல்லாக ஒப்புக்கொண்டேன். ஒரு பக்கம் முழுக்கச் சிரிப்பு. அப்படித்தான் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: "ஏழடி உயரத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். அவர் தும்மினால் பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் தானாக இறங்கி வந்து கைகட்டி நிற்கும். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில்..."

(வேண்டாம். சிரிப்புக்காகத்தான் ஆளை வளர்த்தேன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தபின் வெட்டிவிட்டேன். சாதாரண உயரம் போதும்.)

இரண்டாம் தொடக்கம்: மெக்கானிக்குக் கட்டடங்களின் நோவெல்லாம் அத்துப்படி. எந்த லிஃப்ட் எந்த மாடியில் முனகும், எது கதவைச் சாத்த அடம்பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அவர் நடந்தால் ஊரே கிணுகிணுக்கும். (சரி, மாடிப்படி மட்டும்.) அந்தச் சத்தம் கேட்டதும் மகள் எழுந்துபோய்க் கதவைத் திறப்பாள். தன் வீட்டுக் கதவை அவர் தட்டியதே இல்லை.

பள்ளிக்கூட விவகாரமெல்லாம் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். போன வருஷம் அவள் இறந்துபோனாள்.

(இரண்டாவது வாக்கியத்தை நான் நினைத்து எழுதவில்லை. முதல் வாக்கியத்தை "பார்த்துக்கொண்டாள்" என்று முடித்தேன். அப்படியானால் இப்போது அவள் எங்கே என்று கேட்டேன். பேனா பதில் சொல்லிவிட்டது. சிரிப்புக் கதை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.)

3

மீட்டிங்குக்கு முந்தின சாயங்காலம். மெக்கானிக் கையில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நாளைக்கு பேரண்ட்ஸ் மீட்டிங்."

"ஞாபகம் இருக்குடா கண்ணு. லீவுகூட சொல்லிட்டேன்."

"எந்த கிளாஸ்னு தெரியுமா?"

"உங்கப்பனை என்னன்னு நெனச்சே? அம்மா வர்ற ரூம்தானே! கீழ, குழாய்க்குப் பக்கத்துல. ஒருதரம் மழையில நான் குடை கொண்டாந்து குடுக்கலை?"

மகள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "ம்" என்றாள்.

(இந்த "ம்"மோடு நான் பட்ட பாடு! "அது அஞ்சாவதுப்பா, நான் இப்ப ஆறாவது, மாடியில" என்று ஒரு வரி சொன்னால் தீர்ந்தது. நானே அவள் வாயில் அதைத் திணித்துப் பார்த்தேன், துப்பிவிட்டாள். அப்பா தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்ற வீம்பா? இல்லை, "அம்மா வர்ற ரூம்" என்று அவர் இன்னும் சொல்கிறாரே, அதை உடைக்க மனசு வரவில்லையா? நான் பெற்றெடுத்த பாத்திரம், என்னிடமே பேசமாட்டேன் என்கிறாள்.)

4

மறுநாள் அவர் இஸ்திரி போட்ட சட்டையில், கீழ்த்தளத்தில், குழாய்க்குப் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தார். நாற்காலி சின்னது. முழங்கால்களை ஒடுக்கி, சாவிக்கொத்து சத்தம் போடாதபடி கையால் பொத்திக்கொண்டு, கூப்பிட்டால் எழத் தயாராக நுனியில் உட்கார்ந்தார். மகளைக் காணோம். தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள்.

பக்கத்து அம்மாவிடம் டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்: "உங்க பையன் வாயை மூடுறதே இல்லம்மா. சதா பேச்சு."

மெக்கானிக் தனக்குள் சிரித்துக்கொண்டார். நம்ம பிள்ளை தங்கம். வீட்டில் இருப்பதே தெரியாது. சத்தம் என்றால் என்னவென்று கேட்கும்.

வரிசை அவரிடம் வந்தது. மகள் பெயரைச் சொன்னார்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே சார். எந்த கிளாஸ்?"

"அஞ்சாவதுதாங்க. அவங்க அம்மா இங்கதான் வருவா."

சதா பேசும் பையன் சும்மா இருப்பானா? "அந்த அக்கா ஆறாவது போயிட்டாங்க அங்கிள்! எப்பவோ போயிட்டாங்க. மாடியில!"

யாரோ சிரித்தார்கள். (தலைமையாசிரியை கேட்ட சிரிப்பு இதுதான். எடுத்துக்கொள்ளட்டும்.)

5

மாடியில் மகள் ஒரு காலி நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தாள். மற்றப் பெற்றோர் வந்து, கேட்டு, போய்விட்டார்கள்.

அவளுடைய டீச்சருக்கு வருஷத் தொடக்கத்திலிருந்தே அந்த அப்பாவிடம் சொல்ல ஒரு சங்கதி இருந்தது. இந்தப் பெண் வகுப்பில் வாயே திறப்பதில்லை. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். வீட்டிலாவது பேசுகிறாளா? யாரிடம் கேட்பது?

"அப்பா வர்றாங்களாம்மா?"

தலையாட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் பாக்கலாமா?"

அதற்கும் தலையாட்டினாள்.

6

முடிவு ஒன்று: அவர் படியேறி ஓடி வருகிறார். மகள் "அப்பா!" என்கிறாள். வருஷம் முழுக்கப் பேசாத பிள்ளையின் குரல் கேட்டு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்ள, பள்ளிக்கூடமே கைதட்டி, பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட்டெல்லாம் தாமாக மேலே ஏறி...

(ஆசைதான். மிகைப்படுத்துவதில் எனக்கு நிகர் நான்தான், ஆனால் இது எனக்கே தொண்டையில் இறங்கவில்லை.)

முடிவு இரண்டு: அவர் வந்து சேரும்போது நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டார்கள். மகள்

(இதை முடிக்க மாட்டேன். என்னால் ஆகாது.)

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. அவர் மாடிக்கு வந்துவிட்டார், அதுவரை தெரியும். மாடியில் இரண்டு கதவுகள். இரண்டும் சாத்தியிருக்கின்றன. ஒன்றின்மேல் "ஆறாம் வகுப்பு - அ". மற்றதன்மேல் "ஆறாம் வகுப்பு - ஆ". ஊரில் உள்ள கதவுகளின் குணமெல்லாம் தெரிந்த மனிதர் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். அவள் எந்தப் பிரிவு? அவள் சொன்னதில்லை. அவர் கேட்டதில்லை.

உள்ளே மகளுக்குச் சாவிச் சத்தம் கேட்டுவிட்டது. டீச்சர் முன்னால் இருக்கிறார். எழுந்துபோக வேண்டும், இல்லை, கூப்பிட வேண்டும். உதடு அசைகிறது. குரல் இன்னும் வரவில்லை.

மைக்கில் வாசிப்பவர் இங்கே நிறுத்திவிடட்டும். எந்தக் கதவு என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். நாற்காலியில் இருக்கும் நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் பிள்ளை எந்தப் பிரிவு? பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல்.

யோசியுங்கள், அவசரமில்லை. அவர் கதவைத் தட்டக் கையைத் தூக்கியபடி நிற்கிறார். உள்ளே நாற்காலி துடைத்து வைத்திருக்கிறது.