மருந்துக்கடை அக்காவின் கண்ணாடி

காலை ஒன்பது மணிக்கே மருந்துக்கடையின் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சீட்டை வாங்குவதும், அட்டையிலிருந்து மாத்திரைகளைக் கத்தரிப்பதும், உறையின் மேல் 'காலை, இரவு' என்று எழுதுவதுமாக அக்காவின் கை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷ அனுபவம். டாக்டர் சொன்னதையே அவளிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டு போகிறவர்கள் அந்தத் தெருவில் அதிகம்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இரண்டு வருஷமாக அக்காவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. பாதி காதில் விழும். மீதியை உதட்டைப் பார்த்து ஊகித்துக்கொள்வாள். அதுவும் முடியாதபோது சிரித்துத் தலையாட்டிவிடுவாள். தலையாட்டினால் பெரும்பாலும் மனிதர்கள் திருப்தியாகப் போய்விடுகிறார்கள்.

காது மிஷின் அவளுக்கு ஒத்துவரவில்லை, இரைச்சல்தான் கூடியது. லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் எங்கெங்கோ விசாரித்து ஒரு புதுவகைக் கண்ணாடி வாங்கி வந்தார். எதிரே இருப்பவர் பேசப் பேச, அந்தப் பேச்சு கண்ணுக்கு முன்னால் எழுத்தாக ஓடும். வீட்டில் போட்டுப் பார்த்த அன்று அக்கா அழுதே விட்டாள்.

"நீங்க இவ்வளவு முணுமுணுப்பீங்கன்னு இப்பத்தாங்க தெரியுது" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

ஆனால் கண்ணாடி பார்க்க லட்சணமாக இல்லை. கன்னங்கரேலென்று தடித்த பிரேம். காதில் மாட்டும் கால்கள் விரல் பருமன். மூக்குக்கு மேலே, மைக் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அதை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்த முதல் நாளே ஒருவர், "என்னக்கா, ராக்கெட்ல ஏறப் போறீங்களா?" என்றார். வரிசையே சிரித்தது. ஒரு பெண்மணி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதுல படம் புடிக்கிறீங்களா? என்னைய எடுக்காதீங்க" என்றாள்.

மதியம் முதலாளி தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா நெனைக்காதீங்க. வர்றவங்க ஒரு மாதிரி பாக்கறாங்க. அத வீட்லயே வச்சிட்டு வந்துடுங்களேன்."

இது படம் பிடிக்காது, எழுத்துதான் காட்டும் என்று அவள் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் காது கேட்காததையும் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. கண்ணாடி கைப்பைக்குள் போயிற்று.

"சாதாரண கண்ணாடி மாதிரி செய்யத் தெரியாதா அவங்களுக்கு? யாருக்கும் தெரியாத மாதிரி ஒண்ணு வரட்டும், அப்பப் போட்டுக்கறேன்" என்று கணவரிடம் முடித்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, பக்கத்துத் தெருத் தச்சர் தன் மனைவிக்கு மருந்து வாங்க வந்தார். வெளியே லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அவர் சீட்டைக் காட்டி ஏதோ சொன்னார், கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், கேள்வியாகப் பார்த்தார். பல்வலி போலிருக்கிறது என்று எண்ணி அக்கா தலையாட்டினாள். "ஒண்ணும் பயமில்ல தம்பி. சாப்பிட்டதும் குடுங்க."

மறுநாள் அவர் மனைவி மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடந்தாள். முகமும் தொண்டையும் வீங்கிவிட்டிருந்தன. இரண்டு நாள் போராடித்தான் காப்பாற்றினார்கள்.

மூன்றாம் நாள் தச்சர் கடைக்கு வந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் மெதுவாகக் கேட்டதை, உதட்டைப் பார்த்தே அவளால் படிக்க முடிந்தது.

"பென்சிலின் போட்டா அவளுக்கு மூஞ்சி வீங்கிடும், இதுல அது இல்லையேன்னு கேட்டேனேக்கா. நீங்க தலையாட்டினீங்களே?"

முதலாளி குறுக்கே வந்தார். "டாக்டர் எழுதினதத்தான் இவங்க குடுத்தாங்க. நீங்க அவர்கிட்டல்ல சொல்லியிருக்கணும்?"

தப்பித்துக்கொள்ள வழி அதுதான். அக்கா இரு கைகளாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சார். தம்பி கேட்டது எனக்குக் காதுலயே விழல. ரெண்டு வருஷமா எனக்குச் சரியா கேக்கறதில்ல. வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. தப்பு என்னோடதுதான்."

தச்சர் கையிலிருந்த சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தா நான் எழுதிக் காட்டியிருப்பேனேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை அவளைக் கொன்றது.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். முதலாளி அவளை ஒரு மாதம் உள்ளே சரக்கு அடுக்க வைத்தார். பிறகு அவரே, "கழட்டச் சொன்னது நான்தானே" என்று தலைகுனிந்தபடி கண்ணாடியோடு முன்னால் வந்து நிற்கச் சொன்னார். மேஜையில் அக்காவே ஓர் அட்டை எழுதி வைத்தாள்: 'எனக்குக் காது மந்தம். இந்தக் கண்ணாடி உங்கள் பேச்சை எழுத்தாகக் காட்டும். படம் எடுக்காது. நிதானமாகச் சொல்லுங்கள்.' அதன்பின் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எழுத்து தப்பாக ஓடினால், இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்க அவளும் கூசவில்லை.

சில மாதங்களில், கண்ணாடியைத் தயாரித்த நிறுவனத்திலிருந்து வடிவமைப்பாளர் பெண் ஒருத்தி குறிப்பேட்டோடு வந்தாள். அடுத்த மாடல் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டாள்.

"எடையக் கொறைங்க, காதுக்குப் பின்னால புண்ணாவுது. வேர்த்தா மூக்குல வழுக்குது. ஏம்மா, கறுப்ப விட்டா உங்களுக்கு வேற கலரே கெடைக்கலயா?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் சரி பண்ணிடறோம்மா. போட்டிருக்கறதே யாருக்கும் தெரியாத மாதிரி செஞ்சிடலாம்."

அந்த வரி கண்ணாடியில் ஓடி மறைந்ததும் அக்காவின் முகம் மாறியது.

"அது மட்டும் வேணாம்மா. அழகா செய்ங்க, ஆனா ஒளிச்சு வைக்கிற மாதிரி செய்யாதீங்க. பாத்துச் சிரிப்பாங்களேன்னு நான் என் கொறைய ஒளிச்சேன், ஒரு பொண்ணு உசுருக்குப் போராடுனா. கொறை இருக்கறது தப்பில்லம்மா. அத மறைக்கறதுதான் தப்பு. மறைக்க வேண்டிய நெலமைக்கு ஒருத்தரத் தள்ளறது அதவிடப் பெரிய தப்பு."