எர்மினியோ பறித்த ஆப்பிள்கள்

"பேசவிடு ஒடிலியா, புதுச் சட்டத்துல என்ன சொல்லியிருக்குன்னா..."

"எந்தச் சட்டம்? அது இன்னும் சட்டமே ஆகல, அதுக்குள்ள நீ பெட்டி கட்டுற..."

"ஆனப்புறம் ஓடுனா வரிசையில கடைசியில நிக்கணும்டி..."

"இதோட மூணாவது தடவை! ஒவ்வொரு தடவையும் வருது வருதுன்னாங்க, வந்துச்சா?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் எனக்கு ஒன்றும் விளங்காது. "ஒருத்தர் பேசி முடிங்க, அப்புறம் இன்னொருத்தர்," என்றேன். நான் அவர்கள் மகள் நயேலிக்கு ஞானத்தாய். எங்கள் டிரெய்லர் வீடுகளுக்கு நடுவே ஒரு துணிக்கொடிதான் இருக்கிறது. அவர்கள் அடுக்களையில் உட்கார்ந்து, சமையலுக்குச் சப்பாத்திக்கள்ளியின் முள்ளைச் சீவிக்கொண்டிருந்தேன். கத்தி கையிலிருந்ததாலோ என்னவோ, கொஞ்சம் அடங்கினார்கள்.

"அக்கா, நீங்களே கேளுங்க," என்றான் அவள் புருஷன் கிரெசென்சியோ. "கோயில் கூடத்துல அந்த வக்கீலம்மா சொன்னாங்க. பத்து வருஷம் தோட்ட வேலை பார்த்திருக்கணும். முதலாளிகிட்ட கடுதாசி வாங்கணும். சொந்த ஊருக்குப் போய், அங்க இருக்கிற இந்த நாட்டுத் தூதரகத்துல மனு கொடுக்கணும். இங்க தங்கிக்கலாம்னு முத்திரை குத்தித் தருவாங்க. திரும்பி வந்துடலாம்."

"குத்தலேன்னா?" என்றாள் ஒடிலியா.

அவன் மேஜையில் கிடந்த செல்போனைத் திருப்பிப் போட்டான்.

"சொல்லுய்யா. இந்தப் பக்கம் கதவைச் சாத்திட்டு அந்தப் பக்கம் போய் நின்னு, திறங்கன்னு தட்டணுமாம். என்ன புத்திசாலிங்க எழுதின சட்டமோ!"

"அப்ப சும்மா இருக்கச் சொல்றியா? போன மாசம் பெட்ரோல் பங்க்ல நின்ன நம்ம தோட்டத்து ரஃபாவை, காகிதம் இல்லேன்னு போலீஸ்காரங்க அள்ளிக்கிட்டுப் போனாங்களே, அப்படிப் போகணுமா நான்? பால் வாங்கப் போறப்பகூட வழி முழுக்கக் கண்ணாடியையே பாத்து ஓட்டுறேன். எனக்கு ஒரு காகிதம் வேணும்டி. அவ்வளவுதான்."

ஒடிலியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் பேச்சில் நியாயம் இருந்தால் அவளுக்குக் கோபம் இரட்டிப்பாகும்.

"சரி, முதலாளி கடுதாசி கொடுத்தாரா இல்லையா?" என்றேன்.

"கொடுத்தாரு! முழுப் பக்கம்!" ஒடிலியா அதை என் மடியில் போட்டாள். "நயேலி வாசிச்சுச் சொன்னா. காம்பு ஒடியாம ஆப்பிள் பறிக்க இவரைப்போல ஆள் இந்த யாக்கிமா பள்ளத்தாக்குலயே கிடையாதாம். பதினாலு வருஷத்துல ஒரு நாள்கூட ஏணியில ஏற மாட்டேன்னு சொன்னதில்லையாம். நல்ல மனுஷன், அருமையான மனுஷன். பேரு மட்டும் எர்மினியோ!"

கத்தியைக் கீழே வைத்தேன்.

எர்மினியோ அவள் தம்பி. முன்னொரு காலத்தில் இங்கே வந்து, முறையான வேலை அட்டையோடு ஓட்டலில் மூன்று வருஷம் தட்டு கழுவினான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டையை மச்சானிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து தோட்டத்தில் கிரெசென்சியோவின் பெயர் எர்மினியோ. சாப்பாட்டுத் தூக்கோடு போகிற ஒடிலியா, பழமரங்களுக்கு நடுவே நின்று புருஷனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். முதல் வருஷம் வெட்கப்பட்டாள். அப்புறம் பழகிவிட்டது. இப்போது கோயிலில் பாதிரியார் கிரெசென்சியோ என்றால் அவன் திரும்புவதில்லை. கடையில் யாராவது எர்மினியோ என்றால் திரும்புகிறான்.

"கடுதாசி கேட்கும்போது உன் சொந்தப் பேரைச் சொல்லலியா?" என்றேன்.

"மேஸ்திரி கேட்டாருக்கா. 'எர்மினியோ, எழுத்து சரியா இருக்கா பாரு'ன்னாரு. சரியா இருக்குன்னுட்டேன்." தலையைச் சொறிந்தான். "எழுத்து சரியாத்தான் இருந்துச்சு."

"கேட்டீங்களா? கேட்டீங்களா இந்த அறிவை?"

"திருப்பிக் கொடுத்து மாத்தி எழுதச் சொல்லேன்," என்றேன்.

"வக்கீலம்மாகிட்ட அதையும் கேட்டேன். அடுத்தவன் அட்டையில வேலை பார்த்தவனுக்கு மனு கொடுக்கவே உரிமை இல்லையாம். அது தனிக் குத்தமாம்."

"உண்மையைச் சொன்னா குத்தவாளி," என்றாள் ஒடிலியா. "சொல்லலேன்னா, காகிதப்படி இவரு பதினாலு வருஷமா இந்த நாட்டுலயே இல்ல. அப்ப நான் யாரோட குடும்பம் நடத்தினேன்? நயேலி யாருக்குப் பொறந்தா? அதையும் அந்தச் சட்டத்துலயே எழுதச் சொல்லுங்கக்கா."

சிரிப்பு வந்தது. சிரித்தால் அடிப்பாள். அந்த நேரம் பார்த்து மேஜையில் கிடந்த செல்போன் அடித்தது. ஊரிலிருந்து எர்மினியோ. கிரெசென்சியோ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"மச்சான்! நல்ல சேதி கேள்விப்பட்டேன். டிவியில சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"தோட்டத்துல பத்து வருஷம் வேலை பார்த்தவன், ஊர்ல இருக்கிற தூதரகத்துல மனு கொடுக்கணுமாமே. நான் ஊர்லதானே இருக்கேன்! வேலை பார்த்த கணக்கு எல்லாம் என் பேர்லதான் இருக்கு. உங்களுக்குத்தான் அது உதவாது. வீணாப் போகக்கூடாதுல்ல? முதலாளி கடுதாசி கொடுத்ததா நயேலி போன்ல சொன்னா, அதைத் தபால்ல போட்டுடுங்க."

ஒடிலியா எழுந்து நின்றாள். "டேய், நீ மனுஷனாடா?"

"அக்கா, கோவப்படாத. நான் அங்க வந்துட்டா உங்களுக்கும் ஒரு துணைதானே. சட்டம் போட்டவன் நானா?"

கிரெசென்சியோ கடுதாசியை என் மடியிலிருந்து எடுத்தான். அதில் ஒட்டியிருந்த கள்ளி முள்ளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டான். நாலாக மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"மச்சான், இருக்கீங்களா? ஒரே ஒரு விஷயம் கேக்கணும். தூதரகத்துல கேள்வி கேப்பானாம். காம்பு ஒடியாம ஆப்பிள் எப்படிப் பறிக்கிறது, கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்?"