ஒருவருக்கு ஓர் ஆம்

அடுத்த தலைமுறை கேம் கன்சோல் இன்னும் வரவில்லை. அதற்கான வரிசை மட்டும் முதலிலேயே வந்துவிட்டது. தூத்துக்குடியில் அது ஜஸ்டஸ் வீட்டு முன்னறை வழியாகப் போயிற்று. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு அதில் நின்றான்.

அவனுக்குப் புதுப் பெட்டி மேல் ஆசையெல்லாம் இல்லை. பழைய பெட்டி சாகக் கிடந்தது, அதுதான் கவலை. நாலு வருஷமாக அவன் அதை அணைத்ததே இல்லை. அதற்குள் ஓடும் கேமில் ஒரு தொங்குபாலம். இரண்டு பேர் சேர்ந்து ஏறினால்தான் தாங்கும். அதன் முன்னால் அவனுடைய ஆளும் அக்கா செலினுடைய ஆளும் மூச்சு வாங்கியபடி நின்றார்கள். "பால் பொங்கிரும்டா, இரு, வாரேன்" என்று தன் கேம் கைப்பிடியை வைத்துவிட்டு எழுந்துபோனவள் அடுக்களையிலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

இன்று காலை பெட்டி, 'தொடர வேண்டுமா?' என்று கேட்டது. கீழே 'இல்லை' மட்டும் இருந்தது. 'ஆம்' இருக்கவேண்டிய இடம் காலி.

வரிசை ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தது. நம் சனம் வரிசையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா நிற்குமா?

"புதுப் பெட்டிக்கு வயரே கெடையாதாம்."

"நாம தூங்குனா அதுக்கு சார்ஜ் ஏறுமாம்."

"நாம தோத்தா அது அழுமாம்."

ஒவ்வோர் 'ஆம்' விழும்போதும் நடைவழி ஒரு முழம் நீண்டது. எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் வாயை மூடவில்லை.

கவுண்டரில் பேச்சியம்மாள் மேடம் இருந்தார். இடுப்புக்குக் கீழே அவர் மேசை. படிவம் வேண்டுமென்றால் தம் டிராயரைத் தாமே இழுத்துக்கொள்வார்.

"என்ன வேணும்?"

"புதுப் பெட்டியில பழைய கேம் ஓடுமா மேடம்?"

"ஓடுமாம்."

"நிச்சயமா சொல்லுங்க."

"நிச்சயமா ஓடுமாம்."

"அந்த ஆம் இல்லாம சொல்லமாட்டீங்களா?"

"அதுக்கு வெட்டணும். வெட்டிட்டா வதந்தி உறுதியாயிரும். ஒருத்தருக்கு ஒண்ணுதான் வெட்டுவோம். எழுதிக் குடுங்க."

'பழைய கேம் ஓடுமாம்' என்று எழுதத்தான் ஜஸ்டஸ் பேனாவை எடுத்தான். எழுதி முடித்துப் பார்த்தால், 'அக்கா வருவாளாம்' என்றிருந்தது. அவன் அதை அடிக்கவில்லை.

மேடம் இரண்டு தடவை படித்தார்.

"இது பெட்டியப் பத்தி இல்லையே."

"பெட்டியப் பத்திதான் மேடம்."

"ஆம்னு முடிச்சா யாராவது சொல்லியிருக்கணுமே. யாரு சொன்னா?"

"அவளேதான். வாரேன்னு சொன்னா."

"எப்ப?"

"போகும்போது."

வரிசை கப்சிப் என்றானது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"போகும்போது எல்லாரும் அதத்தான் தம்பி சொல்லுவாங்க. போறேன்னு யாரு சொல்லுவா?"

"தெரியும் மேடம். ஆனா பாலத்துல ஏற ரெண்டு பேரு வேணும்."

இந்தக் காரணம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. டிராயரிலிருந்து கத்தரியை எடுத்தார். ஒரே வெட்டு. படிவத்தில் 'அக்கா வருவாள்' நின்றது. 'ஆம்' மேசை மேல் விழுந்து ஒருமுறை துள்ளியது.

"இத என்ன செய்ய?"

"கொண்டு போங்க. இங்க கெடந்தா கூட்டிப் பெருக்குறவ திட்டுவா."

திரும்பும்போதும் வரிசையில் பேச்சில்லை. நடைவழி மூன்றே எட்டில் முடிந்துவிட்டது.

வீட்டில் பழைய பெட்டியின் விசிறி இழுத்துக்கொண்டிருந்தது. ஜஸ்டஸ் சட்டைப்பையிலிருந்து 'ஆம்' என்பதை எடுத்துத் திரையின் காலி இடத்தில் வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. அமுக்கினான். பிறகு அக்காவின் கைப்பிடியை வேட்டியால் துடைத்துப் பக்கத்தில் வைத்தான்.

அடுக்களையில் யாரோ அடுப்பை அணைத்தார்கள்.