வசனத்தில் இல்லாத கேள்வி

தொழிலாளர் மன்றத்து நாடகத்தில் பண்ணையாராக நடிக்க யாரும் முன்வரவில்லை. பண்ணையார்கள் பக்கம் நின்று போரிட்ட வெண்படைக்காரர்களிடம் ஒரு கூலிக்காரனைக் காட்டிக் கொடுத்துச் சுட வைக்கிற வேடம் அது. உள்நாட்டுப் போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியும் ஊரில் எல்லாமே இரண்டாக இருந்தன. இரண்டு கூட்டுறவுக் கடை, இரண்டு விளையாட்டுச் சங்கம், இரண்டு மன்றம்; தொழிலாளர்களுக்கு ஒன்று, பண்ணைக்காரர்களுக்கு ஒன்று.

கடைசியில் தௌனோ வந்து நின்றான். நிஜமாகவே ஆள் காட்டிய பண்ணையாரின் மகன்.

"வழி தவறிட்டீங்களா, பண்ணையாரே? உங்க மன்றம் ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்றாள் ஹில்யா. மேடை ஓரத்தில் ஒளிந்து வசனம் எடுத்துக் கொடுப்பவள் அவள்.

"தெரியும். அங்க காபிதான் போடுறாங்க. நாடகம் போடலையே."

யாரும் சிரிக்கவில்லை. நாடகத்தை எழுதிய இளம் ஆசிரியை ரைலி மட்டும் அவனுக்கு நாற்காலி போட்டாள்.

சைமி சுவரோரம் நின்றிருந்தாள். அவன் அப்பா காட்டிக் கொடுத்தது அவள் அப்பாவை. அப்போது அவள் கைக்குழந்தை. நாடகத்தில் பெயர்களை மாற்றியிருந்தாலும், அவள் நடிப்பது தன் அம்மாவாகத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அப்பா எங்கே கிடக்கிறார்? மணல் குழி என்றார்கள், காட்டு விளிம்பு என்றார்கள், சதுப்பு என்றார்கள். அம்மா ஒவ்வொரு மே மாதமும் மூன்று இடத்திலும் பூ வைத்தாள். அம்மா போன பிறகு சைமி தனியாக வைத்தாள். பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த வீட்டில் யாருடனும் அவள் பேசியதே இல்லை.

ஒத்திகையில் தௌனோ ஒரே இடத்தில் தடுக்கினான். "உங்க புருஷனைக் காட்டினது நான்தான்."

"உங்க இல்ல, உன்!" என்று ரைலி கத்துவாள். "கூலிக்காரன் பொண்டாட்டியைப் பண்ணையார் 'நீங்க'ன்னா கூப்பிடுவான்?"

"நாங்க இன்னும் கை குலுக்கலையே" என்றான் அவன். பெரியவர்கள் இருவர் பேசி ஒப்புக்கொண்டு, கை குலுக்கிய பிறகே 'நீ' சொல்வது ஊர் வழக்கம். சைமி கையை நீட்டவில்லை. அவனும் கேட்கவில்லை.

முதல் நாள் மன்றம் நிரம்பி வழிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் சிலர் கடைசி வரிசையில் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காட்சி வந்தது. தௌனோ எச்சிலை விழுங்கினான்.

"உங்க அப்பாவைக் காட்டினது எங்க அப்பாதான்."

சைமி சொல்லவேண்டியது, "வெளிய போ."

"வெளிய போ, வெளிய போ" என்று ஹில்யா ஓரத்திலிருந்து கிசுகிசுத்தாள்.

"எங்க புதைச்சாங்க?" என்றாள் சைமி.

அவன் அவளையே பார்த்தான். "தெரியாதுங்க. சாகிறப்போ கேட்டேன். அப்பா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்."

திரை விழுந்தது. மூடிய திரைக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள். வெளியே கைதட்டல் ஓயவே இல்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரைலி அழுதுகொண்டே ஓடிவந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, நான் எழுதினதைவிட இதுதான் நல்லா இருக்கு! இதையே வச்சுக்கலாம். நாளைக்கும் இப்படியே பண்ணுங்க, ஒரு வார்த்தை மாறக் கூடாது!"

தௌனோ தொப்பியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனான். சைமி தன் வழியே நடந்தாள். வீட்டில் காபி போட்டாள். குடிக்கவில்லை.

மறுநாளும் கேட்டாள். "எங்க புதைச்சாங்க?" அவன் எச்சிலை விழுங்கி, அதே வார்த்தைகளைச் சொன்னான். 'சாகிறப்போ' என்ற சொல்லுக்கு முன்னால் சற்று நிறுத்தினான். நேற்று அப்படி நிறுத்தவில்லை. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

கேட்கும்போது தன் முகத்தை, எல்லோருக்கும் தெரிகிறபடி, மேடை விளக்குப் பக்கம் திருப்பியிருந்ததைச் சைமி அப்போதுதான் கவனித்தாள்.